சிவப்புச் சட்டை எங்கே போயிற்று?

நீங்கள் திருவேங்கடத்தில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிச் சுற்றுலாவாகக் குற்றாலம் போகிறீர்கள். ஐந்தருவிக்கு அருகே, பசுமையான செடிகளின் முன்னே, சிவப்புச் சட்டை அணிந்த உங்கள் தோழனைப் படம் பிடிக்கிறீர்கள். பள்ளி ஆண்டு மலர் கறுப்பு வெள்ளையில்தானே அச்சாகப் போகிறது என்று கேமராவையும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வைத்துவிடுகிறீர்கள். படத்தைப் பார்த்தால் சட்டை இலைகளோடு இலையாக மறைந்து கிடக்கிறது! கண்ணைப் பறித்த சிவப்பு எங்கே போயிற்று?

விடை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது.

டிஜிட்டல் கேமராவில் பிலிமுக்குப் பதிலாக ஒளியுணரி இருக்கிறது. அதற்கு ஒளியின் அளவு மட்டுமே தெரியும்; நிறம் தெரியாது. ஆகவே பெரும்பாலான கேமராக்களில் அதன் நுண்ணிய கட்டங்களின் மேல் வண்ண வடிகட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த இந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாலும் இவ்வடிகட்டிகள் விலகுவதில்லை. கேமரா முதலில் வண்ணத்தை அளந்து, பிறகுதான் மூன்றையும் கூட்டிச் சாம்பல் நிறமாக்குகிறது.

நம் கண்ணுக்குப் பச்சையே அதிகப் பிரகாசமாகத் தெரியும். எனவே பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையில் சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டுவார்கள். ஒவ்வொரு நிறத்தின் அளவும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இதோ ஓர் எடுத்துக்காட்டு:

சட்டை: சிவப்பு 200, பச்சை 50, நீலம் 50. கூட்டினால் 60 + 29.5 + 5.5 = 95.

இலை: சிவப்பு 40, பச்சை 130, நீலம் 60. கூட்டினால் 12 + 76.7 + 6.6 = 95.3.

இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல்! சட்டை மறைந்ததில் வியப்பென்ன?

இப்போது 95 என்ற விடையை மட்டும் கொடுத்து, மூன்று எண்களையும் கண்டுபிடிக்கச் சொன்னால் முடியுமா? முடியாதல்லவா? கறுப்பு வெள்ளையாகச் சேமித்த ஜேபெக் படத்தில் இருப்பது கூட்டுத்தொகை மட்டுமே. வண்ணப் படமாக எடுத்திருந்தால் மூன்று எண்களும் கையில் இருக்கும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் சட்டை 200, இலை 40. கரிய இலைகளுக்கு நடுவே சட்டை பளிச்சென்று தெரியும்!

பிலிம் காலத்தில் இந்தத் தேர்வை முன்கூட்டியே செய்ய வேண்டியிருந்தது. லென்சின் முன் சிவப்பு வடிகட்டியை மாட்டுவார்கள். நீல வானம் கறுத்து, வெண்மேகம் எடுப்பாகத் தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பாருங்கள். அங்கே 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே, கால்சியத்துக்குரிய 393.4 நானோமீட்டர் ஒளியை மட்டும் பிரித்து, சூரியனைக் கறுப்பு வெள்ளைத் தட்டுகளில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். சூரியப் புள்ளிகளைச் சூழ்ந்த ஒளிர்திட்டுகள் அவற்றில் துலங்குகின்றன. சாதாரண வண்ணப் படத்திலிருந்து இவ்வொளியைப் பிறகு பிரிக்க இயலாது. அதன் ஒவ்வோர் எண்ணிலும் பல அலைநீளங்கள் ஏற்கெனவே கூடிக் கலந்துவிட்டன.

எதைத் தனியே காண வேண்டுமோ, அதைக் கூட்டுவதற்கு முன்பே பிரிக்க வேண்டும்.

செம்பருத்திப் பூ ஒன்றை அதன் இலைமேல் வைத்து இருவகையிலும் படம் எடுத்துப் பாருங்கள். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பின் பங்கைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். பூ வெளுப்பதும் கறுப்பதும் உங்கள் கையில்!