சர்வீஸ் புக்கில் உங்கள் பெயர் என்ன?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஊர் ரேஷன் கார்டில் பெயர் 'ச. முருகேசன்'. மும்பையில் வேலைக்கான படிவத்தில் மூன்று கட்டங்கள்: பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். மூன்றாவது கட்டத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. அப்பா பெயரான சண்முகம் அங்கே போய் உட்கார்கிறது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுத, முருகேசன் 'முர்கேஷ்' ஆகிறார். ஊரில் 'ரா. மாரியம்மாள்' ஆக இருந்த மனைவி, இங்கே ஆஸ்பத்திரி அட்டையில் 'மாரியம்மா முர்கேஷ்'. முப்பது வருஷம் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், யாருக்கும் இது உறுத்தாது. அவர் ஓய்வு பெறும்போதோ, இறந்த மறுமாதமோதான் உறுத்தும்.

பெயர்கள்தான் கற்பனை, சிக்கல் நிஜம். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் 2,700 பேரை நிரந்தரமாக்கும்படி மும்பை மாநகராட்சிக்கு உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சொன்னது. கச்ரா வாஹ்துக் ஷ்ரமிக் சங்கம் பல ஆண்டுகள் வழக்காடிப் பெற்ற தீர்ப்பு அது. வென்ற பிறகும் பலருக்கு வேலை உறுதியாவது தள்ளிப்போனது. பட்டியலில் இருந்த பெயரும் அடையாள அட்டையில் இருந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றமே கொடுத்த உரிமையை ஒரு எழுத்து நிறுத்தி வைக்கும் என்றால், தனியாக அலுவலகப் படியேறும் ஒரு விதவையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பெயர் சரியாக இருந்தால் அவருக்கு அலைச்சல் குறைவு. மத்திய அரசின் பழைய ஓய்வூதியத்தில் இருந்தவர் ஓய்வுக்குப் பின் இறந்தால், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி மனைவிக்கு வரும். 7 ஆண்டுகள் வரை, அல்லது இறந்தவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள் வரை, எது முந்தியதோ அதுவரை. அதன்பின் 30 சதவீதம். குறைந்தது 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர் இருந்து, வங்கிக் கணக்கும் இருவர் பெயரில் இருந்தால், ஒரு கடிதமும் இறப்புச் சான்றிதழும் போதும்.

பெயர் ஒத்துப்போகாவிட்டால் முதலில் 'இருவரும் ஒருவரே' என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். அது போதாது என்றால் நாளிதழ் விளம்பரம், பிறகு அரசிதழ். மராத்தி வாசிக்கத் தெரியாத, அறுபது வயது தாண்டிய பெண் இத்தனைக்கும் அலைய வேண்டும். இதே திருத்தத்தைக் கணவர் பணியில் இருக்கும்போது செய்திருந்தால், அவரே கையெழுத்துப் போட்டு, தனக்குத் தெரிந்த அலுவலகத்திலேயே முடித்திருப்பார்.

மத்திய அரசு விதிப்படி, சர்வீஸ் புக் என்கிற பணிப் பதிவேட்டை அலுவலகத் தலைவர் ஆண்டுதோறும் ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பிலும் செம்பூரை ஒட்டிய அணுசக்தி நகரிலும் வாழ்நாளைக் கழித்த நம்மவர்களில், அதைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்? 18 ஆண்டு சேவை முடிந்ததும் ஒருமுறை, ஓய்வுக்கு 5 ஆண்டு முன்பு இன்னொருமுறை, தகுதிச் சேவையைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். பிறந்த தேதிக்கு மட்டும் இத்தனை அவகாசம் இல்லை. மத்திய அரசில் அதைத் திருத்தக் கோரும் மனுவை வேலையில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதிதான் பலருக்கும் கடைசிவரை நிற்கிறது.

நாமினி விஷயம் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவர் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ எழுதியிருப்பார். குடும்பம் இல்லாதபோது எழுதிய பணிக்கொடை நாமினேஷன், குடும்பம் அமைந்ததும் செல்லாது. என்.பி.எஸ். என்கிற புதிய ஓய்வூதிய முறையிலும் திருமணத்துக்கு முந்தைய நாமினேஷன் செல்லாது. புதிதாக எழுதாதவர் யாரையுமே எழுதாதவருக்குச் சமம்.

குடும்ப ஓய்வூதியத்தை நாமினியாலும் மாற்ற முடியாது, உயிலாலும் மாற்ற முடியாது. ரயில்வே ஊழியர் ஒருவர் சகோதரருக்கு உயில் எழுதி வைத்திருந்தார். 1991இல் அந்த வயலெட் ஐசக் வழக்கில், குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்து அல்ல, அது மனைவிக்கே சேரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் அந்த உரிமையைப் பெற, தான் இன்னாரின் மனைவி என்று காகிதம் சொல்ல வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் தாராவியில் ஏராளம்.

அடுத்து, இளையவர்களுக்கு. மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதலும், மகாராஷ்டிர அரசில் 2005 நவம்பர் 1 முதலும் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதிய முறைக்குள் வந்தார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 விதிகளில் ஒரு விருப்பப் படிவம் இருக்கிறது: பணியில் இருக்கும்போதே இறந்தால் குடும்பத்துக்குப் பழைய முறைக் குடும்ப ஓய்வூதியம் வேண்டுமா, என்.பி.எஸ்.ஸில் சேர்ந்த தொகை வேண்டுமா? படிவம் கொடுக்காதவர் சேவையின் முதல் 15 ஆண்டுகளுக்குள் இறந்தால் பழைய முறை. அதைத் தாண்டியவருக்கு என்.பி.எஸ். இதற்கு விதிகள் வந்த நாளிலிருந்து 3 ஆண்டு விலக்கு இருந்தது; அது 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதாவது 2005இல் சேர்ந்து என்.பி.எஸ்.ஸிலேயே தொடரும் ஒருவர் இன்றுவரை அந்தப் படிவத்தைத் தொடவில்லை என்றால், மனைவிக்காக அவர் எடுத்திருக்க வேண்டிய முடிவை விதி எடுத்துவிட்டது. ஓய்வு பெறும்வரை அதை மாற்றிக் கொடுக்கலாம். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனவர்கள் அதற்குரிய விருப்பப் படிவம் கொடுத்தார்களா என்று தனியே பார்க்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு ஊருக்கே போகிறவர்கள் அநேகம். அங்கே போனதும் மாரியம்மாள் மீண்டும் 'ரா. மாரியம்மாள்' ஆகிவிடுகிறார். புதிய வங்கிக் கணக்கையும் அந்தப் பெயரிலேயே திறப்பார்கள். நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை இப்போது கைபேசியில் முகம் காட்டியே பதியலாம். அங்கே ஆதார்ப் பெயர்தான் ஏறும். பி.பி.ஓ.வில் 'மாரியம்மா முர்கேஷ்' என்று இருக்கிறது. மும்பையை விட்டு ரயிலேறும் முன், ஆதார், பான், பாஸ்புக், பி.பி.ஓ. நான்கையும் தரையில் பரப்பி, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசியுங்கள்.