நாலு கம்பி, அறுபது வயசு

பேஸ் கிடார் வாசிக்கிறேன் என்று சொன்னால், "அட, கிடாரா சார்?" என்பார்கள். இல்லை, பேஸ் கிடார் என்று திருத்தினால், "அதான், கிடார்தானே" என்பார்கள். வாலிப வயசில் இதற்கு எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. பேஸ் ஒலிப்பது யாருக்கும் தெரியாது; நின்றால் மட்டும் பாட்டில் ஏதோ குறைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். என்ன குறைகிறது என்று சொல்லத்தான் வராது.

பார்க்கக் கிடார் மாதிரிதான் இருக்கும். ஆறு கம்பிக்குப் பதில் நாலு, கழுத்து நீளம், எடை நாலு கிலோவுக்குப் பக்கம். சாதாரண கிடாரின் அடிக்கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிரும். பேஸின் அடிக்கம்பி 41 முறை. அதாவது ஒரு ஸ்தாயி கீழே. இந்த 41-ஐ உங்கள் செல்போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டராலும் முடியாது. ஆனாலும் டீக்கடை ரேடியோவில் இளையராஜா பாட்டுக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறை, பேஸையும் சேர்த்துத்தான் வாயால் வாசித்துக்கொண்டு திரிந்தது. எப்படி? கம்பி 41 முறை அதிரும்போது கூடவே 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் பிறக்கின்றன. சின்ன ஸ்பீக்கர் மேலே இருப்பதை மட்டும் கொடுக்கும். அந்த வரிசையை வைத்து, அடியில் 41 இருந்தாக வேண்டும் என்று மூளை தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். இல்லாத சத்தத்தைக் கேட்டுத்தான் நான் பேஸ் மேல் ஆசைப்பட்டேன் என்று பிற்பாடு தெரிந்தபோது சிரிப்பாக வந்தது.

நான் பொன்மலைக்காரன். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை இங்கே வந்தபோது அதோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் வந்தன. அவர்கள் வீட்டு வாசலில் கிடார் சத்தம் கேட்பது எங்களுக்குச் சாதாரணம். அந்தக் குடியிருப்பில் இருந்த பெரியவர் ஒருவர்தான் எனக்கு பேஸ் சொல்லிக் கொடுத்தார். பாடம் என்று எதுவும் கிடையாது. "டிரம்ஸ்காரன் காலைப் பார்றா, கையைப் பார்க்காதே" என்பார். கிக் டிரம்மை மிதிக்கும் கால். பேஸின் முழு வேலையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். தாளத்துக்கும் சுருதிக்கும் நடுவில் நின்று இரண்டையும் கட்டிப்போடுவது.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் ட்ரூப்பில் வாசித்தேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, மாரியம்மன் பண்டிகை, விடிய விடியக் கச்சேரி. ராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் சும்மா அடித்தளம் போட்டுக்கொண்டு நிற்காது. பாடகரின் மெட்டுக்கு எதிரே தனியாக இன்னொரு மெட்டாக நடக்கும். பேஸுக்கும் சேர்த்து அவரே நொட்டேஷன் எழுதுகிறவர். அதை அந்தக் காலத்தில் வாசித்தவர் சசிதரன். பின்னால் ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ். ரசிகர்களுக்குத் தெரியாத இந்தப் பெயர்கள்தான் எங்களுக்கு ஹீரோக்கள். கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டி, நாடா தேயும்வரை கேட்டு, ஒரு இடையிசையைப் பிடிக்கவே பல ராத்திரி ஆகும்.

தொண்ணூறுகளில் தாளமும் பேஸும் தானே ஓடும் கீபோர்டுகள் எங்கள் ஊர் ட்ரூப்புகளுக்கு வந்தன. ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். அதில்லாத பாட்டுக்குக் கீபோர்டுகாரரின் இடது கை இருக்கிறது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம், வேனில் ஒரு சீட் மிச்சம். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கூப்பிடுவது குறைந்தது, அவ்வளவுதான். வேலை, குழந்தைகள், வீட்டுக் கடன். பேஸை விற்றது எந்த வருஷம் என்றுகூட ஞாபகமில்லை.

ஓய்வு பெற்றதும் மறுபடி வாங்கப் போனேன். கடையில் இருந்த பையன் நீளமான ஒன்றைக் கையில் கொடுத்தான். பேஸ் கழுத்தின் அளவுக்கு ஒரு கதை உண்டு. 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன், பெரும்பாலான இசைக்குழுக்களில் அடிநாதத்துக்கு டபுள் பேஸ்தான். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப்பெட்டி; காரில் ஏறாது, டிரம்ஸ் சத்தத்தில் அமுங்கிவிடும். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கினார். கம்பிக்கு அடியில் காந்தமும் தாமிரச் சுருளும் வைத்தார். சைக்கிள் டைனமோ தத்துவம்தான்: இரும்புக் கம்பி காந்தத்தின் மேல் ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும், அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். வீணையின் மெட்டுகளைப் போலக் கழுத்தில் ஃப்ரெட் பதித்ததால், விரல் கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் ஸ்வரம் சரியாக வரும். அதனால்தான் அதற்கு 'ப்ரிசிஷன்' என்றே பெயர். கம்பி அதிரும் நீளத்தை அவர் 34 அங்குலம் என்று வைத்தார். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு.

அறுபது வயசு இடது கைக்கு அந்த 34 அங்குலம் கொஞ்சம் அதிகம். கழுத்தின் தொடக்கத்திலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 7 அங்குலம் வரும். அங்கேதான் பேஸின் பாதி வேலை நடக்கிறது. ஷார்ட் ஸ்கேல் என்று 30 அங்குலத்தில் ஒரு வகை உண்டு. அதில் இதே தூரம் 6.2 அங்குலம். முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்பவர்கள் சுண்டுவிரலை ஒரு மணி நேரம் விரித்து வைத்துப் பார்க்கட்டும். கம்பியின் இழுவிசையும் குறைகிறது. நான் ஷார்ட் ஸ்கேலைக் கையில் எடுத்ததும் கடைப் பையன், "அங்கிள், அது சின்னப் பசங்க கத்துக்கிறது" என்றான். பால் மெக்கார்ட்னி வயலின் உருவத்தில் ஒரு ஹாஃப்னர் பேஸ் வைத்திருப்பாரே, அது ஷார்ட் ஸ்கேல்தான். 1961-ல் ஹாம்பர்கில் வாங்கிய அந்த பேஸ் 1972-ல் திருடு போனது. அது திரும்பக் கிடைத்த செய்தி 2024-ல் வந்தபோது அவருக்கு வயது 81. திருட்டுக் கொடுத்தவருக்கே கிடைக்கிறது; விற்றவன் நான் காசு கொடுத்து வாங்குவதில் என்ன வெட்கம்?

கம்பியை மெல்லிசாகப் போடுங்கள். கழுத்துக்கும் கம்பிக்கும் உள்ள உயரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். வழக்கமான கம்பி போட்ட நீளக் கழுத்து பேஸில் நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை எழுபது, எண்பது கிலோ வரும். அதைத் தாங்கத்தான் கழுத்துக்குள் ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது, ட்ரஸ் ராட் என்று பெயர். ஐப்பசி மழையில் மரம் ஈரம் வாங்கும், சித்திரையில் விடும். கழுத்து வளைந்து கம்பி உயர்ந்து நிற்கும். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உயர்ந்து நின்ற கம்பியை அழுத்தி அழுத்தி விரல் வலித்து, "நமக்கு வயசாயிடுச்சு" என்று பேஸை மூலையில் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வயசாகவில்லை, செட்டப் சரியில்லை.

வயசாவதும் உண்மைதான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் மடங்கியபடி மாட்டிக்கொண்டு, பிறகு டக்கென்று நிமிரும் தொந்தரவும், தோள் இறுகிப்போவதும் மற்றவர்களைவிட அதிகம் வரும். அந்த 'டக்' வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவதுதான் வழி; வைராக்கியம் காட்டக் கூடாது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்பதை விட்டுவிட்டு, காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி என்று வைத்துக்கொண்டேன். விரல்நுனி காய்ப்புப் பிடிக்கச் சில வாரம் எடுத்தது. தோள்பட்டை வார் அகலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்து வாசிப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

இடது கைக்கு இன்னொரு உபாயம் உண்டு. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நாலு விரலையும் விரிப்பது கிடார் ஆட்களின் பழக்கம். டபுள் பேஸ்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிமாண்டில் என்ற ஆசிரியர் வகுத்த முறை அது: ஆட்காட்டி விரல், நடுவிரல், கடைசியாக மோதிர விரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒன்றாக. கை விரியாது, நகரும். எனக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் என் மகனைவிடச் சின்னவர், ட்ரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர். "சார், கை போற இடத்துக்குக் கூடவே போங்க, விரலை மட்டும் அனுப்பாதீங்க" என்று அவர் சொன்ன பிறகு மணிக்கட்டு வலி போனது. வலது கைக்கு இரண்டு விரல் வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. டெட்ராய்ட்டில் மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அந்த பேஸ் வரிகளை எல்லாம் ஆட்காட்டி விரல் ஒன்றால்தான் வாசித்தார். கேரல் கே என்ற அம்மையார் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963-ல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் ஆள் வராமல் போகவே அதைக் கையில் எடுத்தார். அவர் வாசித்தது பிக்கால்.

காது விஷயத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். பணிமனையில் சுத்தியல் சத்தத்திலேயே இருந்தவர்களுக்கு முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வயசாவதும் மேல் ஒலிகளைத்தான் முதலில் தின்னும். என் காது சோதனைத் தாளில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. "ஏங்க, நான் சொல்றது மட்டும் காதுல ஏறாது, அந்தப் பொட்டியில வர்ற சத்தம் மட்டும் நல்லா ஏறுமா?" என்கிறாள். ஏறும். பேஸின் நாலு கம்பியும் 41-லிருந்து 98-க்குள்தான் இருக்கின்றன. என் காதில் அந்தப் பக்கம் புத்தம் புதுசு. ஆனால் இதைச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

விட்டதைக் கை மறந்திருக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். எனக்கு இடங்கள் மறக்கவில்லை. பழைய பாட்டுப் போட்டதும் விரல் தானாகப் போய் நின்றது. போனது வேகமும் தெம்பும். வந்தது வேறொன்று. இருபது வயசில் நான் வாசித்த ட்ரூப் ரெக்கார்டிங் ஒன்று நண்பர் வீட்டுக் கேசட்டில் கிடைத்தது. கேட்டேன். இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஸ்வரத்தைக் கொட்டியிருக்கிறேன். பாடகிக்கு மூச்சு விட இடமில்லை. பேஸில் ஒரு ஸ்வரத்தை எப்போது எழுப்புகிறோம் என்பது எவ்வளவு கணக்கோ, அதே அளவுக்கு எப்போது நிறுத்துகிறோம் என்பதும் கணக்கு. நீண்ட தடிக் கம்பி தானாக நிற்காது. ஒலித்துக்கொண்டே இருந்து அடுத்த ஸ்வரத்தோடு கலந்து குழம்பாக்கும். இடது விரலைத் தூக்காமல் தளர்த்த வேண்டும், வலது கையின் சும்மா இருக்கும் விரல்கள் மற்றக் கம்பிகளைத் தொட்டு அடக்க வேண்டும். இப்போது என் பயிற்சியில் பாதி இதுதான். மெட்ரோனோமை 60-ல் வைத்து, ஒரே ஸ்வரம், அரை எண்ணிக்கை ஒலி, அரை எண்ணிக்கை மௌனம். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ரிப்பேர் என்று நினைத்தார்.

செல்போன் ஒரு வரப்பிரசாதம். சுருதி மாறாமல் பாட்டை மெதுவாக்கலாம். பேஸ் பிடிபடாவிட்டால் பாட்டை ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேட்டால், அடியில் புதைந்திருக்கும் வரி மேலே வந்து பளிச்சென்று நிற்கும். கேசட்டோடு மல்லுக்கட்டிய எனக்கு இது கிட்டத்தட்ட அநியாயமாகத் தோன்றுகிறது.

ஆனால் பேஸைத் தனியாக வாசித்து எத்தனை நாள் ஓட்டுவது? கிடார், கீபோர்டு என்றால் தனியே ஒரு பாட்டை முழுசாக வாசித்து வீட்டாரைச் சந்தோஷப்படுத்தலாம். பேஸ் வரியை மட்டும் வாசித்தால் பேத்தி, "தாத்தா, பாட்டு எப்ப வரும்?" என்கிறாள். ஆள் தேட வேண்டும். மாதா கோயில் பாடகர் குழு, அலுவலக நண்பர்கள், பழைய ட்ரூப் ஆட்கள், யாராவது. டிரம்மருக்கு போன் போட்டேன். "மாப்ள, உயிரோட இருக்கியா? எனக்கு முட்டி போச்சுடா, கிக் மெதுவாத்தான் வரும்" என்றான். அது போதும் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். எங்கள் ஒரே தகராறு கீபோர்டுகாரரோடுதான். முப்பது வருஷமாக பேஸை இடது கையில் சுமந்தவர். நான் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் கை தானாகக் கீழே போய்விடுகிறது. இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் ஒலித்தால் அடி கலங்கிவிடும். "அண்ணே, இடது கையைக் கொஞ்சம் எடுங்கண்ணே" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. மெலடிப் பாட்டுகளை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். வேகமான குத்துப் பாட்டுகளைத் தர மாட்டேன் என்கிறார். தன் இடது கை என்னைவிடச் சுத்தமாக வாசிக்கிறது என்பது அவர் கட்சி. போன வாரம் டிரம்மரிடம் கேட்டேன், அவனும் கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் பக்கம்தான் சாய்ந்தான்.