ஆமைக்கு நகம் நீளமா இருக்கா? நெயில் கட்டரை எடுக்கும் முன் இதைப் படிங்க!

வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஆமையை ஒருநாள் உற்றுப் பார்க்கிறீர்கள். முன்னங்கால் நகங்கள் ஊசி மாதிரி நீண்டு கிடக்கின்றன. 'அச்சச்சோ, கவனிக்காம விட்டுட்டோமே' என்று நெயில் கட்டரைத் தேடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்க! அந்த நீளம் நோயா, இயல்பா என்று தெரியாமல் வெட்டினால், நல்லா இருக்கிற ஆமையை நாமே காயப்படுத்திவிடுவோம்.

உங்களிடம் இருப்பது எந்த ஆமை?

மீன் கடைகளில் நாணயம் சைஸில் பச்சையாக விற்கிறார்களே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும்... அதன் பெயர் ரெட் இயர்டு ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நீர் ஆமை இது. நம் வீடுகளில் அதிகம் வளர்வது இதுதான் என்பதால், இங்கே சொல்லப்போவதும் இதைப் பற்றித்தான்.

ஓட்டில் நட்சத்திரக் கோலம் போட்ட மாதிரி இருந்தால் அது நட்சத்திர ஆமை. அதை வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத்தண்டனை வரை போகும். யாராவது கொடுத்தால் வாங்காதீங்க. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், நகத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் வனத்துறையிடம் பேசுங்கள்.

ஆணுக்கு நீள நகம்தான் இயல்பு

ஸ்லைடரில் ஆண் ஆமைக்கு முன்னங்கால் நகங்கள் நீளமாகத்தான் வளரும். பெண்ணின் முகத்துக்கு நேராகப் போய், அந்த நகங்களைப் படபடவென்று ஆட்டித்தான் ஐயா ப்ரபோஸ் பண்ணுவார்! ஓடு சுமார் 10 செ.மீ வளரும்போது இந்த நீளம் தெரிய ஆரம்பிக்கும். வால் தடிமனாக, நீளமாக இருக்கிறதா? முன்னங்காலில் மட்டும் நகம் நேராக நீண்டு, பின்னங்காலில் குட்டையாக இருக்கிறதா? அப்படியானால் உங்கள் ஆமை ஆண். நகத்தில் பிரச்னை எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

எப்போது கவலைப்படணும்?

* நகம் பக்கவாட்டில் வளைந்தோ, சுருண்டோ வளர்ந்தால்
* நகத்தின் நீளத்தால் விரல் திரும்பி, நடக்கச் சிரமப்பட்டால்
* நகத்தின் அடிப்பகுதி சிவந்து வீங்கினால், அல்லது பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தால்
* நகம் பிய்ந்து ரத்தம் வந்தால்
* நகத்தோடு சேர்ந்து வாய் அலகும் அதிகமாக வளர்ந்தாலோ, ஓடு மெத்தென்று ஆனாலோ

கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். கால்சியம் குறைபாடு, தவறான சாப்பாடு, கல்லீரல் பிரச்னை என உள்ளே நடப்பதை நகமும் அலகும் ஓடும் வெளியே காட்டிக்கொடுக்கும். நகத்தை மட்டும் வெட்டிவிட்டால் பிரச்னை அப்படியே உள்ளேதான் இருக்கும்.

தொட்டியை மாற்றினாலே பாதிப் பிரச்னை தீரும்

ஆற்றில் வாழும் ஆமை கல்லிலும் மண்ணிலும் ஏறி இறங்கும்போது நகம் தானாகத் தேயும். வழவழப்பான கண்ணாடித் தொட்டியில் எங்கே தேய்வது? அதனால் ஆமை ஏறி உட்கார ஒரு சொரசொரப்பான கல் வையுங்கள். உடம்பு முழுக்கக் காயும் அளவுக்கு அது தண்ணீருக்கு மேலே இருக்கணும். எப்போதும் ஈரத்திலேயே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். கூழாங்கல் போட்டால், ஆமையின் தலையைவிடப் பெரிதாகப் பார்த்துப் போடுங்கள். சின்னக் கல்லை விழுங்கிவிடும். ஃபில்டரின் வலையில் நகம் மாட்டிப் பிய்வதும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

அடுத்தது வெயில். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதற்கு யுவி-பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இந்தக் கதிர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். காலை வெயிலில் ஓர் அகலமான டப்பில், பாதி நிழல் இருக்கும்படி 20 நிமிடம் விடுங்கள். காக்காவும் பூனையும் வரும், பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவே கூடாது, தண்ணீர் சூடாகி ஆமை இறந்துபோகலாம். யுவி-பி பல்பு வைத்திருந்தால், அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றணும்.

சாப்பாட்டில் பலரும் செய்யும் தவறு, காய்ந்த இறாலை மட்டுமே போடுவது. அதில் சத்து போதாது. நல்ல ஆமைத் தீவனத்தோடு லெட்டூஸ், கேரட் துருவல் கொடுங்கள். வளர்ந்த ஆமைக்கு இலைதழை அதிகமாக வேண்டும். பாலக்கீரை அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தொட்டியில் போட்டால், கொறித்துக்கொள்ளும்.

வெட்டியே ஆகணும் என்றால்?

நம் நகத்தின் நுனியை வெட்டினால் வலிக்காது. ஆமை நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெளிர் நிற நகமென்றால் வெளிச்சத்தில் பிடித்தால் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியவே தெரியாது. அதனால் முதல் தடவையாவது கால்நடை மருத்துவரிடமே போங்கள். எல்லா மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை என்பதால், போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எதிர்பாராமல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தால் பதற வேண்டாம். சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கிச்சனில் இருக்கும் கார்ன்ஃப்ளாரை நுனியில் அப்பினால் ரத்தம் உறைய உதவும். சில மணி நேரம் தண்ணீரில் விடாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். ரத்தம் நிற்கவில்லை, வீங்குகிறது என்றால் உடனே மருத்துவர்தான். வேர் நன்றாக இருந்தால் நகம் மெல்ல மறுபடி வளரும்.

ஆமையைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ மறக்காதீங்க. அதன் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

பராமரிக்க முடியலை என்று குளத்தில் விடவும் கூடாது. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் ஸ்லைடரும் இருக்கிறது. நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பிடுங்கிக்கொள்ளும். 20 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய ஜீவன் அது. வாரம் ஒருமுறை தொட்டி கழுவும்போது நான்கு காலையும் ஒரு நிமிஷம் பாருங்கள், போதும். நகம் எப்போது மாறுகிறது என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.