உங்க நாட்டுல எத்தனை பெட்?

பாஸ், ஒரே ஒரு கேள்வி. எட்டாங்கிளாஸ் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல என்ன வரைஞ்சீங்க? சிலர் ஹீரோ படம், சிலர் ஃப்ளேம்ஸ். நான் வரைஞ்சது... ஒரு நாடு!

பேரு 'முக்கூடலியா'. காப்பிரைட் எனக்கும் என் அத்தை பையனுக்கும். லீவு விட்டாப் போதும், உத்திரமேரூர் பக்கத்துல திருமுக்கூடல்ல இருக்கிற ஆயா வீட்டுக்கு ஓடிடுவோம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற ஊர். தண்ணி இல்லாத மாசங்கள்ல ஆத்து மணல்தான் எங்க உலகப் படம். குச்சியால எல்லைக்கோடு, செங்கல் துண்டுல கோட்டை, புளியங்கொட்டைதான் கரன்சி. மூணு ஸ்டேடியம், ஏழு பீரங்கி, ஒரு ஏர்போர்ட். ஜனாதிபதி நான். பிரதமரும் ராணுவ மந்திரியும் அவன்!

'பொழுதன்னிக்கும் மண்ணுல என்னடா வேலை?' என்று திட்டுபவர்களுக்கு ஒரு தகவல். இது நம்ம பரம்பரை விளையாட்டு. ஆற்று மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுவதற்கு 'சிற்றில்' என்று பேர் வைத்தவர்கள் நாம். பிள்ளைத்தமிழில் அதற்குத் தனியாக ஒரு பருவமே உண்டு.

வெளிநாட்டிலும் இந்தக் கிறுக்கு உண்டு. 1826-ல் இங்கிலாந்தின் ஹாவொர்த் கிராமத்தில் ஓர் அப்பா தன் பையனுக்குப் பன்னிரண்டு மர சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். அந்த பொம்மைகளை வைத்து நாலு பிள்ளைகளும் ஒரு தேசத்தையே உருவாக்கினார்கள். சிப்பாய்கள் படிக்கிற சைஸில் குட்டிக் குட்டிப் புத்தகங்கள் வேறு! அந்த வீட்டுப் பெண்கள்தான் பின்னாளில் நாவல் உலகைக் கலக்கிய ப்ராண்டி சகோதரிகள்.

நம்மூர் உதாரணம் வேணுமா? சென்னையில் பிறந்த ஆர்.கே.நாராயண் மனசில் 1930-ல் முதலில் வந்து நின்றது ஒரு ரயில்வே ஸ்டேஷன். அதைச் சுற்றி முளைத்த ஊர்தான் மால்குடி. மதன் கார்க்கி ஆஸ்திரேலியாவில் படித்தபோது, தான் பார்த்துக்கொண்ட குழந்தைகளோடு விளையாட்டாக ஒரு மொழி உண்டாக்கினார். அந்த விளையாட்டுதான் 2015-ல் 'பாகுபலி'யில் காலகேயர்கள் பேசிய 'கிளிக்கி'க்கு விதை.

சரி, முக்கூடலியாவுக்கு வருவோம். ஒருநாள் ராத்திரி ஆயாவுக்கு மூச்சுத் திணறல். ஆட்டோ பிடிச்சு, இருட்டுல காஞ்சிபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள எங்களுக்கு உசிரே இல்லை. நல்லவேளை, நாலு நாள்ல வீடு திரும்பிட்டாங்க. கட்டில்ல சாய்ஞ்சபடியே எங்க நோட்டைப் புரட்டிப் பார்த்தவங்க, மெதுவா கேட்டாங்க... "எல்லாம் சரி கண்ணு, ஒடம்பு முடியலைன்னா உங்க ஊர்ல எங்கடா போவாங்க?"

ஜனாதிபதியும் பிரதமரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். மூணு ஸ்டேடியம் இருக்கு, ஒரு ஆஸ்பத்திரி இல்லை!

பதில் பக்கத்துலயேதான் இருந்தது. அடுத்த வாரம் தாத்தா எங்களை அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கல்வெட்டைக் காட்டினார். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. இங்கே 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது. பதினைந்து படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டு வர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. ராத்திரி எரியும் விளக்குக்கு எண்ணெய். எல்லாமே கணக்கோடு! இங்கேயே படித்த மாணவர்களுக்கு சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். (ஹாஸ்டல் மக்களே, பெருமூச்சு விடாதீங்க!)

ஆட்சி நடத்த ரூல்ஸ் வேணுமா? உத்திரமேரூருக்குப் போங்க. முதலாம் பராந்தகன் காலத்து 921-ம் வருஷக் கல்வெட்டு சொல்கிறது... முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையன் எடுத்துத் தரணும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் திரும்ப நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும்தான்! ஆனால் வயசு 35-க்கு மேல் இருக்கணும், சொந்த நிலம் இருக்கணும் என்றும் அதில் உண்டு. அப்போ நம்ம வயசுப் பசங்களுக்கும், நிலம் இல்லாதவங்களுக்கும்? அந்த ரூலை அப்படியே காப்பியடிப்பீங்களா, திருத்துவீங்களா? இங்கேதான் விளையாட்டு சீரியஸாகுது. கொடியும் கரன்சியும் வரைய அரை மணி நேரம் போதும். யாருக்கு ஓட்டு, யாருக்குப் படுக்கை, யாருக்கு அரிசின்னு முடிவு பண்ணும்போதுதான் நாடு நாடாகுது.

அன்னிக்கு ஒரு ஸ்டேடியத்தை ரப்பரால் அழிச்சோம். அந்த இடத்துல பதினஞ்சு கட்டம் போட்டு ஆஸ்பத்திரி வரைஞ்சோம். நோட்டைக் காட்டினப்போ ஆயா சிரிச்சுக்கிட்டே, "ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு"ன்னாங்க.

ஆயா இப்போ இல்லை. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. இன்ஜினீயரிங் புக்குகளுக்கு நடுவுலதான். ஜன்னல் ஓரமா இருக்கிற முதல் கட்டத்துல அவங்க பேர்.

போரடிக்கிற கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கீங்களா? நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. முதல்ல ஆத்தை வரைங்க. அடுத்தது ஆஸ்பத்திரி. பீரங்கியெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்!