ஏழாவது பங்கு யாருடையது?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், ஜும்ஆத் தொழுகை முடித்துப் பள்ளிவாசல் படிகளில் இறங்கும்போது நம் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஆண்டு மாட்டில் சேருகிறீர்களா?" என்பதே அது. தனியே ஓர் ஆடு வாங்கிக் குர்பானி கொடுக்க இயலாத குடும்பத்தினருக்கு, எழுவர் கூடி ஒரு மாட்டை அறுக்கலாம் என்று மார்க்கம் வழங்கியுள்ள சலுகை பெரியதோர் ஆறுதல். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் இருந்த தோழர்கள், எழுவருக்கு ஓர் ஒட்டகம், எழுவருக்கு ஒரு மாடு என்று அறுத்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அச்சலுகையின் வழியேதான் இன்றும் நம் ஊர்களில் பல நூறு இல்லங்களுக்குக் குர்பானி நிறைவேறுகிறது.

ஆனால் அன்பர்களே, மாட்டைப் பிடிப்பதும், பணத்தைத் தண்டுவதும், அறுப்பதும், கூறு போடுவதும் ஆகிய அனைத்தையும் கறிக்கடைக்காரர் ஒருவரிடமே ஒப்படைத்துவிட்டு, பெருநாளன்று பையுடன் போய் நிற்பதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் வசதி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பணம் கைமாறுவதற்கு முன்பு பேசவேண்டிய சிலவற்றைப் பேசாமல் விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் கவலை. சில ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி விட்டவன்.

அவ்வாண்டு எங்கள் தெருவில் ஆறு வீட்டார் சேர்ந்திருந்தோம். ஏழாமவர் கிடைக்கவில்லை. எங்களுக்கு வழக்கமாக மாடு பிடித்துத் தருபவர், "கவலை வேண்டாம், ஏழாவது பங்கு என்னுடையதாக இருக்கட்டும்" என்றார். நாங்களும் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டோம். பெருநாளுக்கு முந்திய நாள் மாலை, மாட்டைக் காண வந்த முதிய ஆலிம் ஒருவர், பேச்சுவாக்கில் அந்தக் கடைக்காரரை நோக்கி, "உங்கள் பங்கு யார் பெயரில் குர்பானி?" என்று வினவினார். அவர் உண்மையாளர். மறைக்கவில்லை. "குர்பானி இல்லை ஹஜரத், என் பங்கைக் கடையில் வைத்து விற்றுவிடுவேன்" என்றார்.

ஆலிம் அவர்களின் முகம் மாறிவிட்டது. எங்கள் ஊரில் ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோரே மிகுதி. ஒரே மாட்டில் கூடிய எழுவருள் ஒருவருடைய நோக்கம் வெறும் இறைச்சிதான் என்றால், மற்ற அறுவருடைய குர்பானியும் நிறைவேறாது என்பது அம்மத்ஹபின் தெளிவான சட்டம். அறுப்பு என்பது ஒரே செயல். அதில் ஒரு பகுதி இறைவனுக்கும் மற்றொரு பகுதி வியாபாரத்திற்கும் என்று பிளவுபடலாகாது என்பது அவர்களின் கருத்து. ஷாபிஈ மத்ஹபில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணப்படியே கூலி. ஒருவர் இறைச்சிக்காகச் சேர்ந்தாலும் மற்றவர்களின் குர்பானிக்குப் பழுதில்லை. ஆகவே கடற்கரை ஊர்களில் வாழும் ஷாபிஈ சகோதரர்கள் இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் ஹனபிகளாகிய நாங்கள் அறுவரும் அன்று மாலை கலங்கித்தான் போனோம். எங்களுள் ஒருவர் அந்தப் பணத்தைச் சேர்க்க ஓராண்டு உழைத்தவர்.

வழியையும் ஆலிம் அவர்களே காட்டினார்கள். ஒருவருடைய பங்கு ஏழில் ஒன்றுக்குக் குறையலாகாது என்பதுதான் விதி, கூடலாம். எனவே அந்த ஏழாவது பங்கை அறுப்பதற்கு முன்பே நாங்கள் அறுவரும் கடைக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஆறில் ஒரு பங்காக்கிக்கொள்ளலாம் என்றார்கள். இரவோடு இரவாகப் பணம் திரட்டினோம். ஓராண்டு உழைத்துச் சேர்த்த அந்த நண்பருக்காக இன்னொருவர் கைம்மாற்றுக் கொடுத்தார். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். பெருநாளன்று கறி விலை ஏறியிருக்கும். அவருக்கு அதில் வரவேண்டிய ஆதாயம் போயிற்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிழை அவருடையது அன்று. கேளாதிருந்தவர்கள் நாங்கள்.

கேட்க வேண்டியவற்றுள் இரண்டாவது, மாட்டைப் பற்றியது. குர்பானி மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். எருமையும் மாட்டினத்திலேயே சேரும். வெளிப்படையான நொண்டி, வெளிப்படையான குருடு, வெளிப்படையான நோய், மஜ்ஜை வற்றிய மெலிவு ஆகிய நான்கும் இருக்கக் கூடாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாகப் பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழவுக்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாமற்போன மாட்டுக்கோ, காயத்தாலும் ஊனத்தாலும் தீராத நோயாலும் நிலையாகப் பயனற்றுப்போன மாட்டுக்கோதான் அறுப்பதற்குச் சான்றிதழ் கிடைக்கும். பசுவையும் கிடாரியையும் அறுப்பது 1976ஆம் ஆண்டின் அரசாணையால் தடுக்கப்பட்டது. கால் ஒடிந்த காளைக்குச் சான்றிதழ் எளிதில் கிடைத்துவிடலாம். ஆனால் அது குர்பானிக்கு ஆகாது. சட்டமும் ஷரீஅத்தும் ஒருங்கே ஏற்பது, வயது முதிர்ந்தும் உடல்நலம் குன்றாத விலங்கைத்தான். ஆதலால் "சான்றிதழ் இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்லும்போது, எந்தக் காரணத்திற்காகக் கொடுக்கப்பட்ட சான்றிதழ் என்றும் கேளுங்கள். மாட்டை நடக்கவிட்டுப் பாருங்கள்.

இனி எடைக்கு வருவோம். மொத்தமாகக் கறி வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையே எழும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை தராசில்தான் பிறக்கின்றன. அதுவும் களவினால் அன்று, எந்த எடை என்று பேசாததினால். ஒரு மாட்டுக்கு மூன்று எடைகள் உண்டு. உயிரோடு நிற்கும்போது 300 கிலோ இருக்கும் காளை, அறுத்து, தலை, கால், தோல், குடல் நீங்கியபின் ஏறத்தாழ அதில் பாதியாகத்தான் நிற்கும். அந்த 150 கிலோவிலிருந்து எலும்பை எடுத்துவிட்டால், தனிக்கறி 110 கிலோ அளவில் தேறினாலே நல்ல மாடு. மாடு வயிறார மேய்ந்து நீர் குடித்து நிற்கையில் நிறுத்தால் உயிர் எடை கூடுதலாகக் காட்டும். மெலிந்த மாட்டில் எலும்பின் விகிதம் ஏறும். இவற்றை அறியாதவர், "முந்நூறு கிலோ மாட்டில் என் பங்கு பதினைந்து கிலோதானா?" என்று திகைக்கிறார். அதன்பிறகு ஆண்டாண்டுப் பழக்கமுள்ள கடைக்காரர்மீது ஐயம் விழுகிறது. ஏழாகப் பகுத்துப் பாருங்கள். கணக்கு சரியாகவே இருக்கும்.

மாட்டை முழுதாக ஒரு விலை பேசி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. கண்முன் நிற்கும் மாடு, பேசிய விலை, வருவது வரட்டும். குர்பானிக்கு அதுவே பொருத்தமான முறை. ஆனால் உயிரோடு நிற்கும் மாட்டைக் காட்டி, "இதன் தொடைக்கறியை மட்டும் இன்ன விலைக்குக் கொடுத்துவிட்டேன்" என்று விற்பது செல்லாது. தோலுக்குள் மறைந்திருப்பது எவ்வளவு, எத்தகையது என்று இருவருக்கும் தெரியாதல்லவா?

நிக்காஹ் விருந்துக்காக ஐம்பது, நூறு கிலோ என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது வேறு வகை. அங்கே அறுத்த கறியை எடைபோட்டுக் கையில் வாங்கும்போதுதான் விற்பனை முடிகிறது என்று வைத்துக்கொள்வதே சிக்கலற்ற வழி. அதுவரை கொடுத்த முன்பணம் அவர் கையில் இருக்கும் நம்முடைய பணம். விலை முழுவதையும் முதலிலேயே கொடுத்து, பொருளைப் பின்னொரு நாள் வாங்கும் ஸலம் முறையைக் கறியில் கையாளலாமா என்பதில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூடாது என்றும், அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோர், வகையும் உறுப்பும் தெளிவாகக் குறிக்கப்பட்டால் கூடும் என்றும் கருத்துரைத்துள்ளார்கள். கூடும் என்றவர்களும் தெளிவைத்தான் நிபந்தனையாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். எலும்போடா, எலும்பு நீக்கியா? நெஞ்செலும்பும் கழுத்துக் கறியும் எந்த அளவு கலக்கும்? கொழுப்பு எடையில் சேருமா? ஈரல் தனி விலையா? ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

அளவையில் மோசம் செய்வோரைக் கடிந்துரைக்கத் திருக்குர்ஆனில் 83ஆவது அத்தியாயம் அப்பெயராலேயே அமைந்திருப்பதை நாம் அறிவோம். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களை அது குறிப்பிடுகிறது. இதை விற்பவருக்கு மட்டுமே உரியதாக நாம் படிக்கிறோம். எடைபோட்டு முடித்தபின், "மேலே ஒரு கை போடுங்கள் பாய்" என்று உரிமைபோலக் கேட்டு வாங்கும் நம் பழக்கத்தையும் ஒருமுறை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் மனமுவந்து போட்டால் அது வேறு.

கூறு போடும்போதும் இதே தராசு வேண்டும். கண்ணளவில் ஏழு கூறுகள் வைத்துத் திருவுளச்சீட்டுப் போடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கறிக்குக் கறியாக மாற்றிக்கொள்ளும்போது ஒரு பக்கம் கூடினால் அது வட்டியின் சாயலைப் பெறும் என்பதால், எடைபோட்டே பிரிக்க வேண்டும் என்று ஹனபி அறிஞர்கள் வலியுறுத்துகிறார்கள். ஒருவருக்கொருவர் பொருத்தம் சொல்லிவிடுவதால் அது சரியாகிவிடாது. எலும்பும் ஈரலும் கொழுப்பும் எல்லாக் கூறுகளிலும் விரவுமாறு முதலில் பரப்பி, அதன்பின் நிறுத்துப் பிரித்தால் முணுமுணுப்புக்கும் இடமிராது.

கூலியைப் பற்றி ஒரு சொல். விடைபெறும் ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் நூறு ஒட்டகங்களைக் குர்பானி கொடுத்தார்கள். அவற்றின் இறைச்சியையும் தோலையும் மேல்விரிப்புகளையும் ஏழைகளுக்குப் பங்கிடும் பொறுப்பை அலி (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தபோது, அறுத்துக் கொடுப்பவருக்கு அவற்றிலிருந்து எதையும் கூலியாகக் கொடுக்கலாகாது என்று பணித்தார்கள். கூலி தனியே கொடுக்கப்பட்டது. "தோலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், கூலியில் கழித்துக்கொள்வோம்" என்று நம்மவர் பேசும் பேச்சு இதற்கு நேர்மாறானது. எங்கள் கடைக்காரருக்கு அவ்வாண்டு நாங்கள் பேசிய கூலியை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தோம். தோல் மதரஸாவுக்குப் போயிற்று. கூலி கைக்குப் போனபின், ஆறு வீடுகளிலிருந்தும் அவர் இல்லத்திற்குக் கறி சென்றது. அண்டை வீட்டாருக்குச் செல்வதுபோல் அன்பளிப்பாகக் கொடுப்பதற்குத் தடையில்லை.

எஞ்சியிருப்பது, வீட்டுக்கு வந்த கறியின் கதை. ஓராண்டு, கிராமப்புற ஏழைகள் பசியுடன் மதீனாவை நாடி வந்தார்கள். குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்குமேல் யாரும் வைத்திருக்க வேண்டாம் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். மறு ஆண்டு தோழர்கள் அவ்விதமே செய்யலாமா என்று கேட்டபோது, சென்ற ஆண்டு மக்கள் துன்பத்தில் இருந்தார்கள். இப்போது உண்ணுங்கள், உண்ணக் கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று அனுமதித்தார்கள். குளிர்பதனப் பெட்டியில் கறி வைப்பது தவறா என்று கேட்டு எழுதும் நேயர்களுக்கு இதுவே விடை. சேமிக்கலாம். தெருவில் அடுப்பு எரியாத வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேமிக்கலாம்.

சேமிக்கும் முறையிலும் பிழை நிகழ்கிறது. அறுத்த சூடு தணியாத கறியைப் பத்துக் கிலோ மூட்டையாகவே உறைபெட்டிக்குள் திணிக்கிறார்கள். வெளிப்புறம் உறைந்தாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுவிடுகிறது. ஒருவேளைச் சமையலுக்கு ஆகும் அளவில் சிறு பொட்டலங்களாகத் தட்டையாகக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வைத்து, உறைந்தபின் அடுக்குங்கள். உருகிய பொட்டலத்தை மீண்டும் உறைய வைக்காதீர்கள். பெட்டி இல்லாத வீட்டில் நம் பாட்டிமார் செய்த உப்புக்கண்டம் இன்றும் கைகொடுக்கும்: நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து, நல்ல வெயிலில் நாலைந்து நாட்கள். மழை வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.