திராட்சைக்குள் எத்தனை சொற்கள்?

எங்கள் ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பேர்போனது. திராட்சையை ஆங்கிலத்தில் 'கிரேப்ஸ்' என்கிறோம். ஜி, ஆர், ஏ, பி, இ, எஸ் என்று ஆறெழுத்து. ஓரெழுத்தை ஒருமுறைதான் எடுக்கலாம் என்று விதி வைத்துக்கொண்டு, அதற்குள் வேறு சொற்களைத் தேடினோம். ஸ்பெல்லிங்கை உருப்போட்டே பழகிய எங்களுக்கு முதலில் ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு ஏ, ஜி, இ மூன்றையும் சேர்த்து வைத்தோம். முன்னால் பி வந்தால் 'பேஜ்', பக்கம். ஆர் வந்தால் 'ரேஜ்', சினம். எஸ் வந்தால் 'சேஜ்', ஞானி. புல்லாகிய 'கிராஸ்' தள்ளுபடி. அதற்கு இரண்டு எஸ் வேண்டுமே!

'ஸ்பியர்' என்றால் ஈட்டி. அதன் தலையிலுள்ள எஸ்ஸை வாலில் வைத்தால் பேரிக்காய்கள், 'பேர்ஸ்'. நடுவிலுள்ள இ, ஏ, ஆர் இடம் மாறவேயில்லை. ஓசை மட்டும் மாறிவிட்டது. டிக்டேஷனில் நாங்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆறெழுத்தும் செலவாகும் சொல்? 'பேஜர்ஸ்'. அலைபேசிக்கு முன்பு இடுப்பில் செருகியிருந்த செய்திக் கருவிகள், அப்பாமார்களுக்கு நினைவிருக்கும்.