அம்மாவின் கையில் இருக்கும் படம்: கமராவில் ஓட்டோவா, மனுவலா?

ஆகஸ்ட் 30, அனைத்துலக காணாமல் ஆக்கப்பட்டோர் நாள். சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் நடந்த போராட்டம் ஒன்றில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். வீதியோரத்துத் தறப்பாள் கொட்டகைக்குள் அம்மாக்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் லமினேற் செய்த ஒரு படம். ஒரு அம்மாவை எடுத்து முடித்ததும் அவர் கேட்டார்:

“என்ர மகன்ர முகம் வடிவாத் தெரியுதோ, பிள்ளை?”

கமராவின் திரையைப் பார்த்தேன். பின்னால் வெயிலில் கிடந்த வீதி தெளிவாக வந்திருந்தது. அம்மாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. மகனின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பளபளப்பு மட்டும். கமரா ஓட்டோவில் இருந்தது.

ஊடகக் கற்கையில் பட்டம் படித்தபோது கமராவின் ஒவ்வொரு பொத்தானையும் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன். ஓட்டோவா மனுவலா என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது எங்களில் பலருடைய கையிலும் கமரா இருக்கிறது, குறைந்தது ஒரு கைத்தொலைபேசியாவது. எங்கள் நினைவேந்தல்களையும் போராட்டங்களையும் நாங்களே பதிவு செய்கிறோம். ஆகவே இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஓட்டோவுக்குத் தெரியாதது

கமராவுக்குள் ஒரு ஒளிமானி இருக்கிறது. தனக்கு முன்னால் உள்ளவை எல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் நிறம் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. பின்னணியில் வெயில் அதிகமாக இருந்தால் “வெளிச்சம் கூடிப்போச்சு” என்று எண்ணி முழுப் படத்தையும் இருட்டாக்கும். இருட்டு அதிகமாக இருந்தால் அதைப் பகலாக்கப் பார்க்கும்.

புதிய கமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்பச் சரிசெய்கின்றன. ஆனால் எந்த முகத்தை? அம்மாவினதையா, அவர் ஏந்தியிருக்கும் படத்துக்குள் இருக்கும் மகனினதையா? அதைக் கமரா தீர்மானிக்க முடியாது. எடுப்பவர்தான் தீர்மானிக்கவேண்டும்.

மனுவலில் மூன்று விடயங்கள் எங்கள் கைக்கு வருகின்றன. ஷட்டர், ஒளி உள்ளே வரும் நேரம். அபேச்சர், ஒளி வரும் துவாரத்தின் அளவு. ஐஎஸ்ஓ, வந்த ஒளியைக் கமரா எவ்வளவு பெருக்கிக்காட்டுகிறது என்பது. ஷட்டரை 1/125இலிருந்து 1/60 செக்கனுக்குக் கொண்டுவந்தால் ஒளி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஐஎஸ்ஓவை 400இலிருந்து 800 ஆக்கினாலும் படம் அதே அளவு வெளிச்சமாகும்.

அன்றைக்கு நான் செய்திருக்கவேண்டியது இதுதான். அம்மாவுக்குக் கிட்டப் போய், அவருடைய முகம் சட்டகத்தை நிறைக்கும்படி வைத்து ஒளியை அளந்து, அந்த அளவுகளை மனுவலில் வைத்துவிட்டுப் பின்னுக்கு வந்து எடுக்கவேண்டும். பின்னால் உள்ள வீதி வெளிறிப்போகும், போகட்டும். கொட்டகைக்குள் வெளிச்சம் மாறாதவரை அதே அளவுகளில் முப்பது அம்மாக்களையும் எடுக்கலாம். ஒருவரின் முகம் தெளிவாகவும் அடுத்தவரின் முகம் இருட்டாகவும் வராது.

லமினேற்றின் பளபளப்பை எந்த முறையாலும் நீக்க முடியாது. படத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சரித்துப் பிடிக்கச் சொல்லவேண்டும், அல்லது நாங்கள் ஒரு அடி பக்கவாட்டில் நகரவேண்டும். அப்படி மறுபடி எடுத்துக் காட்டினேன். அந்த அம்மா தன்னுடைய முகத்தைப் பார்க்கவேயில்லை. “ஓம், இதில தெரியுது” என்றார்.

விளக்கு வெளிச்சத்தில்

நவம்பர் 27 மாலை ஆறு மணி தாண்டிச் சுடர் ஏற்றப்படும்போது வானத்தில் கொஞ்சம் நீலம் மிஞ்சியிருக்கும். அடுத்த பதினைந்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். ஓட்டோவில் விட்டால் பல கமராக்கள் தாமாகவே ஃபிளாஷ் அடிக்கும். விளக்கின் மஞ்சள் ஒளி அதோடு செத்துவிடும். அழுதுகொண்டிருப்பவர் திடுக்கிட்டு நிமிர்வார். எடுப்பவரையும் எடுக்கப்படுபவரையும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கைத்தொலைபேசியின் இரவு முறையோ இருட்டைப் பகலாக்கும். அது படத்தை எடுத்து முடிக்கச் சில செக்கன்கள் ஆவதால் அசைபவர்களின் முகங்கள் கலங்கும்.

இங்கே நான் மனுவல்தான். ஃபிளாஷ் இல்லை. அபேச்சர் எஃப் 1.8, ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. படத்தில் கொஞ்சம் பருக்கை தெரியும். இருட்டு இருட்டாகவும் சுடர் சுடராகவும் இருப்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வானம் இருளும்போது மட்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளைப் பார்க்கவேண்டும்.

மனுவலில் இன்னொன்றும் செய்யலாம். முகம் தெரியக்கூடாது என்று கேட்பவரை, பின்னால் உள்ள வெளிச்சத்துக்கு அளவு வைத்து, கறுத்த உருவமாக எடுக்கலாம். ஆனால் கவனம்: இருட்டாகத் தெரியும் முகத்தைக் கணினியில் வெளிச்சமாக்கி மீட்க முடியும். வெளியிடமுன் அப்படி ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். முகம் வந்தால் அந்தப் படத்தைப் போடாதீர்கள்.

ஓட்டோ வேண்டிய இடம்

மனுவலில் எடுப்பவர்தான் ஒளிப்படக் கலைஞர் என்ற பெருமை வேண்டாம். ஒருமுறை மண்டபத்துக்குள் எடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே தள்ளுமுள்ளு என்று ஓடினேன். மண்டப அளவுகள் அப்படியே இருந்தன. முதல் இருபது படங்களும் வெறும் வெள்ளை. ஓட்டோவில் இருந்திருந்தால் சுமாரான இருபது படங்களாவது இருந்திருக்கும். நடந்ததற்குச் சாட்சியாக ஒரு படம் தேவைப்படும்போது சுமாரான படம் போதும், இல்லாத படம்தான் உதவாது. அன்றிலிருந்து கமராவைப் பைக்குள் வைக்கும்போது ஓட்டோவுக்கு மாற்றித்தான் வைக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவிலும் வழி உண்டு. ‘ஏ’ முறையில் (கனொனில் ‘ஏவி’) அபேச்சரை நாங்கள் வைக்க, ஷட்டரைக் கமரா பார்த்துக்கொள்ளும். ‘எஸ்’ முறையில் (கனொனில் ‘ரிவி’) அது மறுதலை. ஓடும் கூட்டத்துக்கு ‘எஸ்’ வைத்து ஷட்டரை 1/500இல் விடலாம். கூட்டல், கழித்தல் குறியுள்ள பொத்தானால் கமராவின் கணிப்பைத் திருத்தலாம். கைத்தொலைபேசியில் முகத்தின்மேல் விரலால் தொட்டால் போதும். பல தொலைபேசிகளில் உடனே சிறு சூரியக் குறி ஒன்று வரும். அதை மேலே கீழே நகர்த்தி வெளிச்சத்தை மாற்றலாம்.

பற்றரி இல்லாத காலம்

எங்கள் ஊரில் பழைய ஸ்ரூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. மின்சாரமும் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். பற்றரியில் இயங்கும் கமராக்கள் பெட்டிக்குள் கிடக்க, பற்றரி தேவைப்படாத பழைய மெக்கானிக்கல் கமராவில்தான் வேலை செய்ததாகச் சொன்னார். யன்னலோரத்தில் ஆட்களை இருத்தி, கண்ணாலேயே வெளிச்சத்தை மதிப்பிட்டு எடுத்திருக்கிறார். பெரும்பாலும் அடையாள அட்டைக்கான படங்கள். முகம் தெளிவில்லாத அட்டையோடு சோதனைச்சாவடியைக் கடப்பது எப்படியென்று எங்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முகத்துக்கும் கவனம் எடுத்ததாகச் சொன்னார்.

அம்மாக்களின் கையில் இருப்பவற்றில் பல அப்படிப்பட்ட அடையாள அட்டைப் படங்களைப் பெருப்பித்தவைதான். அந்த முகம் தெளிவாக வரவேண்டும் என்று யாரோ ஒருவர் அன்று நேரம் எடுத்து வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். அதே படத்தை மறுபடி எடுக்கும் நாங்களும் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம்.